ஜூடோவின் தந்தை ஜிகோரோ கானோ

ஜூடோ பயிற்சிக்கூடத்தில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு எதிராளியை வீழ்த்தும் முறையை முதல் நாளே சொல்லித் தருவதில்லை. அவர்கள் முதலில் கற்பது விழும் முறையைத்தான். பின்னால் விழும்போது முகவாயை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். கையால் பாயை ஓங்கித் தட்டி, விழுந்த வேகத்தைக் குறைக்க வேண்டும். உடனே எழுந்து நிற்கவும் பழக வேண்டும். நன்றாக விழத் தெரிந்தவர்தான் அச்சமின்றிப் பயில முடியும். இந்தக் கலையை உருவாக்கியவரும் இளமையில் பலமுறை விழுந்து எழுந்தவரே. அவர் பெயர் ஜிகோரோ கானோ.

மெலிந்த மாணவர்

ஜப்பானின் கோபே நகருக்கு அருகில் மிக்காகே என்னும் கடலோர ஊர் உள்ளது. அரிசியிலிருந்து மது வடிக்கும் தொழிலுக்குப் பெயர்பெற்ற அவ்வூரில், வசதியான குடும்பம் ஒன்றில் 1860ஆம் ஆண்டு கானோ பிறந்தார். ஏறத்தாழ ஒன்பது வயதிலேயே அவர் தாயை இழந்தார். தலைநகரில் பணியாற்றிய தந்தை, மகனைத் தோக்கியோவுக்கு அழைத்துச் சென்று நல்ல பள்ளிகளில் சேர்த்தார்.

கானோ படிப்பில் சிறந்து விளங்கினார். ஆங்கில மொழியையும் ஆர்வத்துடன் கற்றார். ஆனால், அவர் குள்ளமானவர்; உடலும் மெலிந்திருந்தது. வளர்ந்த பிறகும் அவருடைய உயரம் ஏறத்தாழ 157 சென்டிமீட்டர்தான். விடுதியில் தங்கிப் படித்தபோது, உடல் வலிமை மிக்க மாணவர்கள் சிலர் அவரைக் கேலி செய்தனர், அடித்தும் துன்புறுத்தினர். அறிவினால் முதலிடம் பிடித்த அவரால் அவர்களை எதிர்த்து நிற்க முடியவில்லை. எப்படியாவது தம்மைத் தற்காத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அவர் மனத்தில் வேரூன்றியது.

வலிமை குறைந்தவர்கூட வலிமை மிக்கவரை வெல்ல உதவும் ஜுஜுட்சு என்னும் பழைய தற்காப்புக் கலையைப் பற்றி அவர் கேள்விப்பட்டார். உடனே அதைக் கற்க விரும்பினார். ஆனால், அவருடைய தந்தை அதற்கு இணங்கவில்லை. அப்போது ஜப்பான் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1868ஆம் ஆண்டுக்குப் பிறகு அமைந்த புதிய அரசாங்கம் மேல்நாட்டுக் கல்வியையும் தொழில்நுட்பத்தையும் வரவேற்றது. சாமுராய் வீரர்கள் பொது இடங்களில் வாள் ஏந்துவதும் 1876இல் தடை செய்யப்பட்டது. பழைய போர்க்கலைகளால் இனிப் பயனில்லை என்று பலரும் எண்ணினர். அக்கலைகளைக் கற்பித்த ஆசான்கள் பிழைப்புக்கு வேறு தொழில்களை நாடினர்.

ஆசானைத் தேடி

கானோ தம் முயற்சியைக் கைவிடவில்லை. 1877ஆம் ஆண்டு தோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு, ஆசானைத் தேடும் பணியில் தாமே இறங்கினார். ஜுஜுட்சு ஆசான்கள் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியர்களாகத் தொழில் செய்வதை அவர் அறிந்திருந்தார். எனவே, அத்தகைய வைத்தியர்களைத் தேடிச் சென்று விசாரித்தார். கடைசியில் ஹச்சினோசுகே ஃபுகுடா என்ற ஆசான் கிடைத்தார்.

ஃபுகுடாவின் கற்பிக்கும் முறை கடுமையானது. ஒருநாள், ஓர் உத்தியை எப்படிச் செய்வது என்று கானோ கேட்டார். ஆசான் பதில் கூறாமல் அவரைத் தூக்கிப் போட்டார். கையை எங்கே வைப்பது, காலை எப்படி நகர்த்துவது என்று கானோ மீண்டும் கேட்டார். மீண்டும் அவர் தரையில் விழுந்தார். பல்லாயிரம் முறை செய்து பார்த்தால் தானே விளங்கும் என்பது ஆசானின் கொள்கை. கானோவின் உடலெங்கும் சிராய்ப்புகளும் காயங்களும் ஏற்பட்டன. அவர் பூசிக்கொண்ட களிம்பின் வாடையை வைத்தே நண்பர்கள் அவர் வருவதை அறிந்து கிண்டல் செய்தனர்.

அந்தப் பயிற்சிக்கூடத்தில் ஃபுகுஷிமா என்ற பருமனான மாணவர் ஒருவர் இருந்தார். கானோவால் அவரை எந்த முறையிலும் வீழ்த்த முடியவில்லை. ஜப்பானிய சூமோ மல்லர்களின் உத்திகளைக் கற்றுப் பயன்படுத்தினார், பலன் இல்லை. பிறகு அவர் நூலகத்திற்குச் சென்று மேல்நாட்டு மல்யுத்தம் பற்றிய நூலைத் தேடிப் படித்தார். எதிராளியைத் தோள்களின் குறுக்கே ஏற்றிச் சுழற்றி வீழ்த்தும் உத்தி ஒன்றை அதில் கண்டார். நண்பருடன் சேர்ந்து அதைப் பழகினார். அடுத்த பயிற்சியின்போது ஃபுகுஷிமாவைத் தோளில் ஏற்றிக் கீழே போட்டார். அங்கிருந்தோர் வியந்தனர். அந்த உத்தி 'கத்தாகுருமா' என்ற பெயரில் இன்றும் ஜூடோவில் பயிலப்படுகிறது. நல்ல கருத்து எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்பதைக் கானோ அன்றே உணர்ந்தார்.

1879ஆம் ஆண்டு ஃபுகுடா மறைந்தார். கானோ வேறோர் ஆசானிடம் சேர்ந்தார். அவரும் 1881ஆம் ஆண்டு இறந்தார். கானோ மனம் தளராமல் மூன்றாவதாக ஈகூபோ என்ற ஆசானை நாடினார். அவர் வேறொரு மரபைச் சேர்ந்தவர். இவ்வாறு ஒவ்வோர் ஆசானிடமும் ஒவ்வொரு வகையான அறிவைக் கானோ பெற்றார்.

பன்னிரண்டு பாய்கள்

1882ஆம் ஆண்டு, தமது 21ஆம் வயதில், கானோ தோக்கியோவிலுள்ள எய்ஷோஜி என்ற புத்தக் கோயிலில் சொந்தமாகப் பயிற்சிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அதற்குக் 'கோடோகான்' என்று பெயரிட்டார். பன்னிரண்டு பாய்கள் விரிக்கும் அளவுக்கே அங்கு இடம் இருந்தது. முதலாண்டில் சேர்ந்த மாணவர்கள் ஒன்பது பேர் மட்டுமே. பகலில் கானோ ஒரு பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். பயிற்சிக்கூடத்தின் செலவைச் சமாளிக்க, இரவில் கண்விழித்து நூல்களை மொழிபெயர்த்தார். மாணவர்கள் தொடர்ந்து விழுந்ததால் கோயிலின் தரை ஆட்டங்கண்டது. கானோவே தரைக்கு அடியில் புகுந்து அதைச் சரிசெய்தார்.

தாம் கற்பித்த கலையை அவர் 'ஜூடோ' என்று அழைத்தார். 'ஜூ' என்றால் மென்மை. 'டோ' என்றால் வழி. பழைய கலையின் பெயரிலிருந்த 'ஜுட்சு' என்ற சொல்லுக்கு உத்தி என்று பொருள். சண்டையில் வெல்லும் உத்திகளைக் கற்பதோடு நில்லாமல், வாழ்க்கை முழுவதும் பின்பற்றத்தக்க வழியாகத் தம் கலை அமைய வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆகவே, உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து விளைவிக்கும் உத்திகளை நீக்கினார். மாணவர்கள் முழு வலிமையோடு ஒருவரோடு ஒருவர் மோதியும் காயமின்றி வீடு திரும்பும் வகையில் பயிற்சியை அமைத்தார். மாணவர்களின் தேர்ச்சிக்கு ஏற்பத் தகுதிநிலைகளையும் வகுத்தார். பின்னாளில் கராத்தே போன்ற பிற கலைகளும் அந்த முறையைப் பின்பற்றின.

ஜூடோவின் அடிப்படையைக் கானோ எளிய கணக்கின்மூலம் விளக்குவார். ஒருவரின் வலிமை பத்து. மற்றவரின் வலிமை ஏழு. முதலாமவர் தள்ளும்போது இரண்டாமவர் எதிர்த்துத் தள்ளினால் தோற்பது உறுதி. ஆனால், அவர் சற்றே பின்வாங்கினால், தள்ளியவர் முன்னால் சாய்ந்து நிலைதடுமாறுவார். அந்த நொடியில் அவருடைய வலிமை பத்திலிருந்து மூன்றாகக் குறைந்துவிடும். அப்போது இரண்டாமவர் தம் ஏழில் பாதியைப் பயன்படுத்தினாலே போதும். மீதி வலிமை அவரிடமே இருக்கும். எதிராளியை முதலில் நிலைகுலையச் செய்து, அதன் பிறகே வீழ்த்த வேண்டும் என்ற இந்த நுட்பத்தைக் கொண்டு, தம் ஆசான் ஈகூபோவையே அவர் ஒருநாள் அடுத்தடுத்து வீழ்த்தினார். மாணவரின் வளர்ச்சியைக் கண்ட ஆசான், தாம் கற்பிக்க இனி ஒன்றுமில்லை என்று மகிழ்வோடு ஒப்புக்கொண்டார்.

1880களின் பிற்பகுதியில் தோக்கியோ காவல்துறை நடத்திய போட்டியில் கோடோகான் மாணவர்கள் பெரும் வெற்றி பெற்றனர். அதன் பிறகு ஜூடோவின் புகழ் நாடெங்கும் பரவியது.

கப்பலில் ஒரு பாடம்

1889ஆம் ஆண்டு, ஐரோப்பாவின் கல்விமுறையை ஆராய்ந்து வருமாறு ஜப்பானிய அரசாங்கம் கானோவை அனுப்பியது. அவர் பிரான்ஸ், ஜெர்மனி முதலிய நாடுகளுக்குச் சென்றார். பள்ளிகளையும் ஆசிரியர் பயிற்சி நிலையங்களையும் பார்வையிட்டார். கற்க விரும்புபவருக்கு உலகமே பள்ளிக்கூடம் என்பதற்கு அப்பயணம் சான்றாக அமைந்தது.

அவர் 1891ஆம் ஆண்டு நாடு திரும்பிய கப்பல் பயணத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இன்றும் பேசப்படுகிறது. பயணிகள் பொழுதுபோக்காக வலிமைப் போட்டிகளில் ஈடுபட்டனர். அவர்களுள் ரஷ்யக் கடற்படை அதிகாரி ஒருவரும் இருந்தார். ஆறடிக்கும் மேல் வளர்ந்த அவர் குள்ளமான கானோவுடன் மோதினார். கானோவை இறுகப் பிடித்து நசுக்கிவிட முயன்றார். கானோ தம் உடலைத் திருப்பி, அவரைத் தோளுக்கு மேலாகத் தூக்கி எறிந்தார். கப்பலின் தளம் கடினமானது. பயிற்சிக்கூடத்தில் இருப்பதுபோல் அங்கே பாய் எதுவும் இல்லை. அந்த அதிகாரியின் தலை மோதியிருந்தால் பெருங்காயம் ஏற்பட்டிருக்கும். அவர் கீழே விழும்போதே கானோ தம் கையை நீட்டி அவருடைய தலையைத் தாங்கிக்கொண்டார். பெரிய மனிதர் ஒருவரைச் சிறிய மனிதர் வீழ்த்தியதைக் கண்டு பயணிகள் வியந்தனர். வீழ்த்திய கையே தாங்கியதைக் கண்டு மேலும் வியந்தனர்.

பள்ளி விடுதியில் அடிவாங்கிய மாணவர், தம்மை அடித்தவர்களைப் பழிவாங்கவே இக்கலையைக் கற்கத் தொடங்கியிருக்கலாம். ஆனால், இப்போது வலிமை அவர் கையில் இருந்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் அவரே முடிவு செய்தார்.

உலகெங்கும் ஜூடோ

கானோ தம் வாழ்நாள் முழுவதும் கல்வியாளராகவே இருந்தார். 1893ஆம் ஆண்டு தோக்கியோ உயர்நிலை ஆசிரியர் கல்லூரியின் தலைவராகப் பொறுப்பேற்றார். இடைவெளிகள் இருந்தபோதும் 1920ஆம் ஆண்டுவரை அக்கல்லூரியை வழிநடத்தினார். சீனாவிலிருந்து வந்த மாணவர்கள் படிப்பதற்கும் பள்ளி நிறுவினார். பின்னாளில் சீனாவின் மாபெரும் எழுத்தாளராக விளங்கிய லூ சுன் அப்பள்ளியில் பயின்றவர். 1922ஆம் ஆண்டு, ஒக்கினாவா தீவிலிருந்து தோக்கியோவுக்கு வந்த கிச்சின் ஃபுனாகோஷியைக் கோடோகானுக்கு அழைத்து, கராத்தே கலையைச் செய்துகாட்டச் சொன்னார். தம் கலைக்குப் போட்டியாக வந்த கலை என்று அவர் எண்ணவில்லை. 1926இல் பெண்களுக்கான பிரிவும் கோடோகானில் முறையாகத் தொடங்கப்பட்டது.

அவருடைய மாணவர்கள் உலகின் பல பகுதிகளுக்கும் சென்றனர். யமாஷிதா என்பவர் அமெரிக்காவுக்குச் சென்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கே ஜூடோ கற்பித்தார். 1904ஆம் ஆண்டு நாட்டைவிட்டுப் புறப்பட்ட மயேடா என்பவர், அமெரிக்கா, இங்கிலாந்து, மெக்சிகோ முதலிய நாடுகளில் பலரோடு மோதித் திறன் வளர்த்தபின் பிரேசிலில் குடியேறினார். அவர் விதைத்த கலையிலிருந்தே இன்றைய பிரேசிலிய ஜுஜுட்சு வளர்ந்தது. கவிஞர் தாகூரின் வேண்டுகோளுக்கு இணங்க, தகாகாக்கி என்பவர் 1929ஆம் ஆண்டு சாந்திநிகேதனுக்குச் சென்று மாணவர்களுக்கு ஜூடோ பயிற்றுவித்தார். கானோவும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பலமுறை சென்று ஜூடோவைச் செய்துகாட்டி விளக்கினார்.

இரண்டு கொள்கைகளை அவர் சென்ற இடமெல்லாம் வலியுறுத்தினார். ஒன்று, உடல் ஆற்றலையும் மன ஆற்றலையும் வீணாக்காமல் நற்செயலுக்குப் பயன்படுத்துவது. மற்றொன்று, தாமும் உயர்ந்து பிறரையும் உயர்த்துவது. பயிற்சியில் துணையாக நிற்பவர் இல்லாமல் எவரும் ஜூடோவைக் கற்க முடியாது. ஆகவேதான், மோதலுக்கு முன்பும் பின்பும் இருவரும் தலைவணங்குகின்றனர்.

ஒலிம்பிக் கனவு

1909ஆம் ஆண்டு கானோ அனைத்துலக ஒலிம்பிக் மன்றத்தின் உறுப்பினரானார். ஆசியாவிலிருந்து அப்பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மனிதர் அவரே. 1912ஆம் ஆண்டு, சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த போட்டிக்கு ஜப்பான் முதன்முறையாக விளையாட்டாளர்களை அனுப்பியது. அக்குழுவுக்குக் கானோ தலைமை தாங்கினார். குழுவில் இருந்த போட்டியாளர்கள் இருவரே. ஒருவர் நெடுந்தொலைவு ஓட்டக்காரரான கனகுரி. மற்றவர் விரைவோட்டக்காரரான மிஷிமா. இருவராலும் வெற்றிபெற இயலவில்லை. கடும் வெயிலில் நடந்த மாரத்தான் ஓட்டத்தில் கனகுரி பாதி வழியிலேயே மயங்கி விழுந்தார்.

அந்தத் தோல்வி முடிவாக அமையவில்லை. நாடு திரும்பிய கனகுரி இளம் ஓட்டக்காரர்களை ஊக்குவித்தார். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் மும்முறை தாண்டுதலில் மிக்கியோ ஓடா ஜப்பானுக்கு முதல் தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தார்.

ஒலிம்பிக் போட்டி ஆசியாவிலும் நடைபெற வேண்டும் என்பது கானோவின் பெருங்கனவு. அதற்காக எழுபது வயதைக் கடந்த நிலையிலும் பல நாடுகளுக்குச் சென்று ஆதரவு திரட்டினார். 1936ஆம் ஆண்டு பெர்லினில் கூடிய மன்றம், 1940ஆம் ஆண்டுப் போட்டியைத் தோக்கியோவுக்கு வழங்கியது. ஆனால், 1937ஆம் ஆண்டு ஜப்பானுக்கும் சீனாவுக்கும் இடையே போர் மூண்டது. போரில் ஈடுபட்ட நாட்டில் ஒலிம்பிக்கை நடத்தலாமா என்ற எதிர்ப்பு பல நாடுகளில் எழுந்தது. சீன மாணவர்களுக்குப் பள்ளி நடத்திய கானோ, தம் நாடு சீனாவோடு போரிடும் காலத்தில் தோக்கியோவுக்காக வாதாட வேண்டிய நிலைக்கு ஆளானார். விளையாட்டை அரசியலோடு கலக்கக்கூடாது என்று அவர் எடுத்துரைத்தார்.

1938ஆம் ஆண்டு மார்ச் மாதம் கெய்ரோ நகரில் கூட்டம் நடந்தது. 77 வயதான கானோ நெடும்பயணம் மேற்கொண்டு அதில் கலந்துகொண்டார். போட்டி தோக்கியோவில் நடைபெறும் என்று அங்கு உறுதி செய்யப்பட்டது. பின்னர் அவர் அமெரிக்கா வழியாக வந்து, கனடாவின் வான்கூவர் துறைமுகத்தில் ஹிகாவா மாரு என்ற கப்பலில் ஏறினார். பயணத்தின்போது நிமோனியா காய்ச்சல் அவரைத் தாக்கியது. மே மாதம் 4ஆம் நாள், கப்பல் யோக்கோஹாமா துறைமுகத்தை அடைய இரண்டு நாள்களே இருந்தபோது, நடுக்கடலில் அவர் உயிர் பிரிந்தது.

அவர் பாடுபட்டுப் பெற்ற வாய்ப்பும் நிலைக்கவில்லை. போர் நீடித்ததால், அதே ஆண்டு ஜூலை மாதம் ஜப்பான் ஒலிம்பிக் போட்டியை நடத்தும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தது.

கானோவுக்குப் பின்

கானோ மறைந்து 26 ஆண்டுகளுக்குப் பிறகு, 1964ஆம் ஆண்டு, தோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. ஆசியாவில் நடந்த முதல் ஒலிம்பிக் அது. ஜூடோவும் முதன்முறையாக அதில் இடம்பெற்றது. ஒலிம்பிக் மன்ற உறுப்பினராக இருந்தபோதும், தம் கலையை அப்போட்டியில் சேர்க்கக் கானோ முனைப்புக் காட்டியதில்லை. ஆயினும், உலகம் அக்கலையைத் தனதாக்கிக்கொண்டிருந்தது.

எடை வரம்பற்ற பிரிவின் இறுதிச் சுற்றில் ஜப்பானிய வீரர் கமினாகாவும் நெதர்லாந்து வீரர் ஆண்டன் கீசிங்கும் மோதினர். தம் நாட்டுக் கலையில் தம் நாட்டவரே வெல்ல வேண்டும் என்று அரங்கிலிருந்த ஜப்பானியர்கள் ஆவலோடு காத்திருந்தனர். ஆனால், கீசிங்க் கமினாகாவைப் பாயோடு அழுத்திப் பிடித்து வெற்றி பெற்றார். அரங்கமே அமைதியில் ஆழ்ந்தது.

அப்போது நெதர்லாந்து ஆதரவாளர்கள் சிலர் மகிழ்ச்சி பொங்கப் பயிற்சிப் பாயை நோக்கி ஓடிவந்தனர். கீசிங்க் உடனே கையை உயர்த்தி அவர்களைத் தடுத்து நிறுத்தினார். தோற்றவர் எழுந்து நிற்கும் முன் கொண்டாடுவது முறையன்று என்பதை அவர் அறிந்திருந்தார். பிறகு இருவரும் நேருக்கு நேர் நின்று தலைவணங்கினர்.

தோல்வியால் ஜப்பானியர்கள் வருந்தினாலும், அயல்நாட்டு வீரரின் பண்பைக் கண்டு நெகிழ்ந்தனர். பன்னிரண்டு பாய்களில் ஒன்பது மாணவர்களோடு தொடங்கிய கலை, அதன் உத்திகளோடு நெறியையும் சேர்த்தே கடல் கடந்து சென்றிருந்தது. கப்பலின் தளத்தில் ஓர் எதிராளியின் தலையைத் தாங்கிய கை கற்பித்த பாடத்தை, கானோவை ஒருநாளும் நேரில் கண்டிராத கீசிங்கும் கற்றிருந்தார்.